மாறும் நிலத்தை அளப்பது: புதிய கருவிகளோடு ஆய்வைத் தொடங்கும் புவியியலாளருக்கான கேள்வி பதில்கள்

முனைவர் பட்ட ஆய்வில் இறங்கியிருப்பவர்களையும், பட்டம் பெற்று முதல் சில ஆண்டுகளில் இருக்கும் புவியியலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. ஆறு, கடற்கரை, மலைச்சரிவு, பனியாறு, காடு, விளைநிலம் ஆகியவை எப்படி மாறுகின்றன என்பதைச் செயற்கைக்கோள், ட்ரோன், லேசர் துடிப்பால் தூரம் அளக்கும் லைடார், ரேடார், எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் இயந்திரக் கற்றல் ஆகியவற்றின் துணையோடு ஆராய விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இதே துறையில் தொடக்க ஆண்டுகளைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

நிலத்தோற்ற மாற்றத்தை ஆராயும் புவியியலாளரின் வேலை என்ன?

ஓரிடத்தில் என்ன மாறியது, எவ்வளவு மாறியது, எந்த வேகத்தில் மாறியது, ஏன் மாறியது என்ற நான்கு கேள்விகளுக்கும் சேர்த்து விடை தேடுவதுதான் வேலை. முதல் மூன்றுக்கும் இன்றைய கருவிகள் பெரிதும் உதவுகின்றன. நான்காவது கேள்விக்கு மட்டும் எந்தப் படமும் தானாக விடை சொல்வதில்லை.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலை எடுத்துக்கொள்ளலாம். 1960 வாக்கில் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது, பின்வந்த பத்தாண்டுகளில் சுருங்கித் துண்டு துண்டானதைச் செயற்கைக்கோள் படங்களின் வரிசையில் யாரும் பார்க்கலாம். ஆனால் ஆமு தாரியா, சிர் தாரியா ஆகிய இரு ஆறுகளின் நீரும் பருத்தி உள்ளிட்ட பயிர்களின் பாசனத்துக்குத் திருப்பிவிடப்பட்டதே காரணம் என்பதை அறிய, பாசனத் திட்ட ஆவணங்களும் ஆற்று நீரோட்டக் கணக்குகளும் வேண்டும். அதேபோல் வடக்குத் துண்டில் மட்டும் நீர்மட்டம் மீண்டு வந்ததைப் படம் காட்டும். 2005-இல் கட்டி முடிக்கப்பட்ட கோக்-ஏரல் அணையைப் பற்றித் தெரிந்தவருக்கே அந்த மீட்சி புரியும். படத்தைப் படிப்பதும் அதன் பின்னால் உள்ள மனித, இயற்கைக் காரணங்களைத் தேடுவதும் ஒருவரே செய்ய வேண்டிய வேலைகள் என்பதால்தான், இதைக் கணினி வல்லுநரிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படங்கள் எவ்வளவு பழைய காலம் வரை கிடைக்கின்றன?

தொடர்ச்சியான அறிவியல் பதிவு 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளிலிருந்து தொடங்குகிறது. அதன் முக்கியக் கருவி ஏறத்தாழ 80 மீட்டர் அளவுள்ள நிலப்பகுதியை ஒரு பிக்சலாக, அதாவது படத்தின் மிகச்சிறு புள்ளியாக, பதிவு செய்தது. 1982-இல் வந்த லேண்ட்சாட் 4 முதல் இது 30 மீட்டராகக் கூர்மையடைந்தது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் கீழ் 2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2ஏ, முக்கியமான நான்கு அலைவரிசைகளில் 10 மீட்டர் கூர்மையோடு படம் எடுக்கிறது. அதன் இணையான சென்டினல்-2பி 2017-இல் சேர்ந்த பிறகு, நிலநடுக்கோட்டுப் பகுதியிலும் ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் கிடைக்கத் தொடங்கியது.

1972-க்கு முன்னால் போக வேண்டுமென்றால், 1960 முதல் 1972 வரை அமெரிக்கா நடத்திய கொரோனா உளவுத் திட்டத்தின் படச்சுருள்கள் இருக்கின்றன. 1995-இல் இரகசிய நீக்கம் செய்யப்பட்ட அந்தத் தொகுப்பில் 8 லட்சத்துக்கும் அதிகமான படங்கள் உள்ளன. கறுப்பு-வெள்ளையில் இருந்தாலும் அவற்றில் பல, முதல் லேண்ட்சாட் படங்களைவிட மிகவும் கூர்மையானவை. அதற்கும் முன்னால், வான்வழிப் புகைப்படங்களும் நில அளவை வரைபடங்களும் உதவும்.

2008-இல் லேண்ட்சாட் தொகுப்பு முழுவதும் இலவசமாக்கப்பட்டதை இந்தத் துறையின் பெரிய திருப்பமாகவே கருதுகிறேன். படத்துக்குப் பணம் கட்டிய காலத்தில் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று படங்களை வாங்கி ஒப்பிட்டார்கள். இலவசமானதும் ஒரே இடத்தின் நூற்றுக்கணக்கான படங்களைக் காலவரிசையில் அடுக்கிப் பார்க்க முடிந்தது. உலகின் மேற்பரப்பு நீர் முழுவதையும் 30 மீட்டர் கூர்மையில் வரைந்து 2016-இல் வெளியான ஆய்வு, 1984 முதல் 2015 வரையிலான 30 லட்சம் லேண்ட்சாட் படங்களைப் பயன்படுத்தியது. அக்காலத்தில் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு மறைந்ததையும், அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் புதிய நீர்ப்பரப்பு உருவானதையும் அந்த ஆய்வு காட்டியது. புதிதாக உருவானதில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்கள்.

எந்த மாற்றத்துக்கு எந்தக் கருவி?

மாற்றத்தின் அளவையும் வேகத்தையும் முதலில் யோசியுங்கள். ஆண்டுக்குப் பல மீட்டர் நகரும் ஆற்றங்கரைக்கும் காடழிப்புக்கும் இலவசச் செயற்கைக்கோள் படங்களே போதும். ஒரு மழைக்காலத்தில் சில பத்து சென்டிமீட்டர் ஆழமாகும் ஓடைக்கு ட்ரோனோ நிலத்தில் நிறுத்தும் லைடாரோ தேவைப்படும். நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழும் நகரத்துக்கு ரேடார் பொருத்தமானது. கருவியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடும் ஆய்வுத் திட்டங்களை நிறையப் பார்க்கிறோம். அவை பெரும்பாலும் அழகான படங்களோடு நின்றுவிடுகின்றன.

ட்ரோன் படங்களிலிருந்து நிலத்தின் உயரம் எப்படிக் கிடைக்கிறது? அதை நம்பலாமா?

ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து, ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அந்தப் புள்ளிகள் முப்பரிமாணத்தில் எங்கே இருக்கின்றன என்பதையும் ஒருசேரக் கணக்கிடுகிறது. இதற்காக அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பறக்கத் திட்டமிடுவது வழக்கம்.

நம்பலாம், சில நிபந்தனைகளோடு. முதலாவது, தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். தெளிவாகத் தெரியும் குறிப்பலகைகளைத் தரையில் பரப்பி, அவற்றின் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. வகைச் செயற்கைக்கோள் நிலைகாண் கருவியால் அளக்க வேண்டும். அவற்றுள் ஒரு பகுதியைக் கணக்கீட்டில் சேர்க்காமல் தனியே வைத்து, கிடைத்த உயர மாதிரியை (நிலத்தின் உயரங்களைக் காட்டும் எண்ணியல் வரைபடத்தை) சரிபார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டும். கணக்கீட்டில் சேர்த்த புள்ளிகளை வைத்தே பிழையைச் சொன்னால், அது எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

இரண்டாவது, கேமராவை நேர்கீழாக மட்டும் வைத்துக்கொண்டு இணைகோடுகளில் பறந்தால், லென்ஸின் வளைவைப் பற்றிய சிறு தவறு நிலம் முழுவதையும் கவிழ்த்த தட்டுப்போல் நடுவில் உயர்த்தியோ கிண்ணம்போல் தாழ்த்தியோ காட்டிவிடும். தட்டையான வெள்ளச் சமவெளியில் இது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அந்த வளைவு நிலத்தின் இயல்பான சரிவைப் போலவே தோற்றமளிக்கும். சாய்வான கோணத்தில் சில வரிசைப் படங்களைக் கூடுதலாக எடுப்பதும், கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஓரங்களிலும் நடுவிலும் பரவலாக வைப்பதும் இதற்கான மருந்து.

ட்ரோன் படங்களைவிட லைடார் எந்த வகையில் மேலானது?

மரங்கள் உள்ள இடத்தில். படம் எதைப் பார்க்கிறதோ அதன் உயரத்தைத்தான் தரும். அடர்ந்த காட்டில் அது இலைகளின் மேற்பரப்பு. லைடார் அனுப்பும் லேசர் துடிப்போ இலைகளுக்கு இடையில் உள்ள சந்துகளின் வழியே நுழைந்து, கிளைகளிலிருந்து ஓர் எதிரொலியும் தரையிலிருந்து இன்னோர் எதிரொலியுமாகப் பலவற்றைத் திருப்பி அனுப்புகிறது. கடைசியாக வருபவற்றைப் பிரித்தெடுத்தால் மரங்களை நீக்கிய வெறுந்தரை தெரியும். காட்டுக்குள் மறைந்திருந்த பழைய நிலச்சரிவுத் தடங்களும் பிளவுக்கோடுகளும் இப்படித்தான் வெளிப்படுகின்றன. பச்சை நிற லேசரைப் பயன்படுத்தும் வகைகள் தெளிந்த ஆழமற்ற நீரின் அடித்தளத்தையும் அளக்கும். அகச்சிவப்பு லேசரை நீர் விழுங்கிவிடும்.

உலகளாவிய உயரத் தரவுகளைப் பயன்படுத்துவோரும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள்களில் எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். ரேடார் உயரத் தரவு இன்றும் எங்கும் பயன்படுகிறது. அதில் காடும் கட்டடங்களும் உள்ள இடங்களில் பதிவானது வெறுந்தரையின் உயரமன்று, அதற்கு மேலான ஓர் உயரம். தாழ்ந்த கடற்கரையில் வெள்ள ஆபத்தைக் கணக்கிட இதை அப்படியே எடுத்துக்கொண்டால், உண்மையில் ஆபத்தில் உள்ள நிலம் பாதுகாப்பானதாகத் தோன்றும்.

ரேடாரால் சென்டிமீட்டர் அளவு அசைவைக்கூட அறிய முடியும் என்கிறார்களே, எப்படி?

சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இரு வேறு நாள்களில் அளந்து, திரும்பி வந்த அலைகளின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கச் சுழற்சியில் அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதை, ஒப்பிடுகிறார்கள். அலை போய்த் திரும்புவதால், தரை அதன் பாதி அளவான 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே அந்த ஒப்பீட்டை வண்ணங்களால் காட்டும் படத்தில் ஒரு முழு வண்ணச் சுற்று தோன்றிவிடும். மேகமும் இருளும் தடையில்லை.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. கிடைக்கும் அளவு செயற்கைக்கோளின் பார்வைக் கோட்டின் திசையில் உள்ள அசைவு மட்டுமே. அதை நேராகத் தாழ்வு என்று எழுதுவதற்கு முன், வேறு பாதையிலிருந்து பார்த்த தரவும் வேண்டும். காற்றில் உள்ள ஈரப்பதம் அலையைத் தாமதப்படுத்துவதால், தரை அசையாத போதும் சில சென்டிமீட்டர் அசைந்ததுபோல் தெரியலாம். மேலும் செடிகொடிகள் வளர்ந்து மாறும் இடத்தில் இரு நாள்களின் அலைகளும் ஒத்துப்போகாமல் தரவே பயனற்றதாகிவிடும். நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கி 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையும் பயன்படுத்துகிறது. நீண்ட அலை இலைகளை ஊடுருவிச் செல்லும் என்பதால், பசுமை மூடிய மலைச்சரிவுகளை ஆராய்வோர் அதிலிருந்து நிறைய எதிர்பார்க்கலாம்.

இரண்டு படங்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு எல்லாமே நிலத்தின் மாற்றம்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். படத்தில் தெரியும் வேறுபாட்டில் நிலத்தின் பங்கும் உண்டு, கருவியின் பங்கும் உண்டு, படம் எடுத்த நேரத்தின் பங்கும் உண்டு. இந்த மூன்றையும் பிரித்தெடுக்கத் தெரிவதே இந்தத் தொழிலின் உயிர்.

கருவியின் பங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவைத் தயாரிக்கும் முறை மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிக்சலின் எண்ணிலும் 1000 கூட்டப்பட்டு வெளியிடப்படுகிறது. பயன்படுத்துபவர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வயலின் அண்மை அகச்சிவப்பு மதிப்பு 3000, சிவப்பு மதிப்பு 600 என்று கொள்வோம். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும், பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீடு, 2400-ஐ 3600-ஆல் வகுக்க 0.67. கழிக்க மறந்தவருக்கு அந்த எண்கள் 4000, 1600 என்று இருக்கும். அப்போது குறியீடு, 2400-ஐ 5600-ஆல் வகுக்க 0.43 ஆகிவிடும். வயலில் ஓர் இலைகூட வாடாத நிலையில், உலகம் முழுவதும் ஒரே நாளில் பசுமை குறைந்ததாக வரைபடம் சொல்லும். அதேபோல் 2003 மே 31 அன்று லேண்ட்சாட் 7-இன் வரிதிருத்தும் பகுதி (படத்தின் வரிகளை இடைவெளியின்றி அடுக்க உதவும் பகுதி) பழுதான பிறகு, அதன் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் கோடு கோடாக வெற்றிடமாக இருக்கும். அந்த வரலாறு தெரியாதவர் வெற்றிடங்களை நிரப்பிய படத்தை உண்மைப் படமாகக் கொண்டுவிடுவார்.

நேரத்தின் பங்குக்குக் கடற்கரையே சிறந்த எடுத்துக்காட்டு. 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவுள்ள மணற்கரையில், ஒரு படம் ஓதம் (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறியபோதும் இன்னொன்று ஓதம் 1 மீட்டர் இறங்கியபோதும் எடுக்கப்பட்டிருந்தால், நீர்க்கோடு 50 மீட்டர் விலகித் தெரியும். மணல் ஒரு கைப்பிடிகூட இடம் மாறியிருக்க வேண்டியதில்லை. எத்தனையோ கடலரிப்பு வரைபடங்கள் இந்த ஓதக் கணக்கைச் செய்யாமலேயே வெளியாகின்றன, அவற்றை நம்பிச் சுவர் கட்டும் முடிவுகளும் எடுக்கப்படுகின்றன என்பது என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. ஆற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெள்ளக் காலப் படத்தையும் வறண்ட காலப் படத்தையும் ஒப்பிட்டு ஆறு அகலமானது என்று எழுத முடியாது.

அப்படியானால் எவ்வளவு வேறுபாடு இருந்தால் மாற்றம் என்று சொல்லலாம்?

வேறுபாடு, இரண்டு அளவீடுகளின் கூட்டுப் பிழையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஓர் ஓடையின் படுகையை ஒரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ட்ரோனால் அளந்து, இரண்டு உயர மாதிரிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கிறீர்கள். ஒவ்வொன்றின் பிழையும் 5 சென்டிமீட்டர் என்று சரிபார்ப்புப் புள்ளிகள் காட்டுகின்றன. கூட்டுப் பிழை, 5-இன் வர்க்கத்தையும் 5-இன் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். 95 சதவீத உறுதியோடு சொல்ல அதை 1.96-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஆகவே ஒரு தனிப் புள்ளியில் 10 சென்டிமீட்டர் அரிப்பு என்று வரைபடம் காட்டினாலும், அந்த இடத்தில் அரிப்பு நடந்தது என்று உறுதியாகச் சொல்ல உங்களுக்கு ஆதாரம் போதாது.

பிழைகள் அங்கங்கே தற்செயலாகச் சிதறியிருந்தால், பெரிய பரப்பின் சராசரியில் அவை ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும். ஒரே திசையில் சாய்ந்த பிழை அப்படி மறையாது. ஒரு ஹெக்டேர் முழுவதும் 5 சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டப்பட்டிருந்தால், இல்லாத 500 கன மீட்டர் மண் உங்கள் கணக்கில் வந்து சேரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாறியிருக்க வாய்ப்பில்லாத பாறைத்திட்டு, பாலம், கெட்டிப்பட்ட சாலை போன்ற இடங்களிலும் அதே கழித்தலைச் செய்து பார்ப்பதுதான். அங்கே சுழியம் வரவில்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இயந்திரக் கற்றல் இந்த வேலையை எளிதாக்கிவிட்டதா?

வேகமாக்கியிருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களில் ஏரிகளின் எல்லையையோ நிலச்சரிவுகளின் வடுக்களையோ கையால் வரைய ஆகும் காலத்தை நினைத்தால், அது பெரிய உதவிதான். ஆனால் வெளியிடப்படும் துல்லிய எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அருகருகே இருப்பவை ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்று 1970-இல் புவியியலாளர் வால்டோ டோப்லர் (Waldo Tobler) சுட்டிக்காட்டிய கொள்கை, புவியியல் மாணவர் எல்லோரும் அறிந்தது. கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கும் பிக்சல்களையும் அதைச் சோதிக்கும் பிக்சல்களையும் ஒரே படத்திலிருந்து கலந்து பொறுக்கினால், சோதனைப் பிக்சலின் பக்கத்து வீடே பயிற்சியில் இருக்கும். மாதிரி ஏற்கெனவே பார்த்ததையே திருப்பிச் சொல்லிப் பாராட்டு வாங்கிவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பள்ளத்தாக்கில் பயிற்றுவித்து வேறொரு பள்ளத்தாக்கில் சோதித்தால்தான் அதன் உண்மைத் திறன் தெரியும்.

இன்னொரு சிக்கல், மாற்றம் அரிதானது. 10,000 பிக்சல்களில் 100 மட்டுமே உண்மையில் மாறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் துல்லியமான வரைபடம் என்றால் 500 பிக்சல்கள் தவறு, அதாவது மாறியவற்றைப்போல் ஐந்து மடங்கு. வரைபடத்தில் பிக்சல்களை எண்ணிக் காடழிந்த பரப்பு இவ்வளவு என்று அறிவிப்பது இதனால்தான் ஏற்கத்தக்கதன்று. தற்செயலாகத் தேர்ந்த இடங்களை மனிதக் கண்ணால் சரிபார்த்து, அதிலிருந்து பரப்பையும் அதன் பிழை எல்லையையும் மதிப்பிட்டுச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு கருவிகள் இருக்கும்போது களப்பணி இன்னும் தேவையா?

தேவை. கருவிகள் பெருகியதால் எங்கே போக வேண்டும் என்பது முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது, ஆகவே களத்தில் செலவிடும் ஒவ்வொரு நாளுக்கும் மதிப்புக் கூடியிருக்கிறது.

ஓர் ஆற்றின் வெளிவளைவில் கரை பின்வாங்குவதைப் படங்களின் வரிசையில் கண்டுபிடித்து அங்கே போய் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். கரையின் முகத்தில் மேலே வேர்கள் பின்னிய வண்டல், அதன் கீழே ஒரு முழங்கை உயரத்துக்குத் தளர்ந்த மணல், அதற்கும் கீழே இறுகிய களிமண். நீர் மணல் அடுக்கைக் குடைந்து எடுத்துவிட, மேலடுக்கு பலகைபோல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு கரைக்கு இணையாக ஓடுகிறது. கீழே விழுந்த கட்டிகளில் புல் இன்னும் பச்சையாக இருப்பதால் அவை அண்மையில் விழுந்தவை என்று தெரிகிறது. வெள்ளத்தின்போதைவிட வெள்ளம் வடியும்போதுதான் இந்தக் கரை அதிகம் சரியக்கூடும், ஏனெனில் நனைந்து கனத்த மண்ணை வெளியிலிருந்து தாங்கிய நீர் அப்போது விலகிவிடுகிறது. இவை எதையும் 10 மீட்டர் பிக்சல் சொல்லியிருக்காது. இவை தெரியாமல் அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்று கணிக்கவும் முடியாது.

அங்கே வாழ்பவர்களிடம் பேசுவதையும் களப்பணியின் பகுதியாகவே கருதுகிறேன். எந்த வெள்ளத்தில் எந்த வயல் போனது, மணல் அள்ளத் தொடங்கியது எப்போது, பழைய படித்துறை எங்கே இருந்தது என்பதை அவர்கள் சொல்லும்போது, படத்தில் தேட வேண்டிய ஆண்டு கிடைத்துவிடுகிறது. அவர்கள் தந்த தகவலை ஆய்வுக் கட்டுரையில் அவர்களின் பங்களிப்பாகவே பதிவு செய்வது முறை.

பேரிடர் நேரத்தில் இந்தத் திறன்கள் பயன்படுமா?

பயன்பட்டிருக்கின்றன. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் திடீர்ப் பெருவெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனபோது, பனியாற்று ஏரி உடைந்திருக்கும் என்றே முதலில் பரவலாகப் பேசப்பட்டது. புதிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் ரோண்டி சிகரத்தின் சரிவில் பெரிய வடு ஒன்றைக் கண்டார்கள். முந்தைய, பிந்தைய உயர மாதிரிகளைக் கழித்துப் பார்த்ததில், ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் சரிந்து விழுந்து குழம்பாக ஓடியது உறுதியானது. காரணம் ஏரியா சரிவா என்பது அறிவியல் ஆர்வத்துக்கான கேள்வி மட்டுமன்று. மேலே இன்னும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, மீட்புப் பணியில் இருப்பவர்களை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

வேண்டும். பைத்தான், ஆர் (R) ஆகிய நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றில் தன் வேலையைத் தானே எழுதிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கி, பிறகு நிரலுக்குப் போவது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். கூகுள் எர்த் எஞ்சின் போன்ற தளங்கள், படங்களை இறக்கிக்கொள்ளாமலேயே தொலைவிலுள்ள கணினிகளில் கணக்கிட வழிசெய்வதால், சாதாரண மடிக்கணினியும் இணைய இணைப்பும் உள்ளவர் உலகளாவிய ஆய்வைச் செய்ய முடிகிறது. நிரலையும் தரவையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடும் பழக்கத்தை முதல் கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத துறையில் இருந்தால் என்ன செய்வது?

லேண்ட்சாட், சென்டினல், 30 மீட்டர் கோப்பர்நிக்கஸ் உயர மாதிரி, 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2-இன் லேசர் உயர அளவுகள் எல்லாமே இலவசம். இவற்றில் இன்னும் யாரும் கேட்காத கேள்விகள் ஏராளம். ட்ரோன் போன்றவற்றைச் சொந்தமாக வாங்குவதைவிட, அருகில் உள்ள நில அளவை, கட்டுமானப் பொறியியல் துறைகளோடு சேர்ந்து பயன்படுத்துவது நல்லது. அவர்கள் அளவையில் தேர்ந்தவர்கள், அந்தக் கூட்டுறவே ஒரு பயிற்சி.

அனுமதி, அறம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

ட்ரோன் பறக்கவிடுவதற்குப் பதிவும் அனுமதியும் பல நாடுகளில் கட்டாயம். தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பும் பல இடங்களில் உண்டு. சட்டத்துக்கு அப்பாலும் பொறுப்பு இருக்கிறது. கூர்மையான படத்தில் மக்களின் வீட்டு முற்றம் தெரியும், அரிய உயிரினத்தின் கூடு தெரியும், யாரும் தோண்டாத தொல்லியல் மேடு தெரியும். எல்லாவற்றையும் அப்படியே பொதுவெளியில் வைப்பது சிலருக்குத் தீங்காகலாம். ஒரு குடியிருப்பு ஆபத்தான சரிவில் உள்ளது என்று வரைபடம் போடுவதற்கு முன், அங்கே வாழ்பவர்களுக்கு அதை நேரில் விளக்குவது ஆய்வாளரின் கடமை. அந்த வரைபடமே அவர்களை வெளியேற்றும் ஆவணமாக மாறக்கூடும்.

முதல் ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்வது?

போய்வரக்கூடிய ஓரிடம், அளக்கக்கூடிய வேகம், யாருக்காவது விடை தேவைப்படும் கேள்வி. இந்த மூன்றும் கூடும் இடத்தில் தலைப்பைத் தேடுங்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தில், ஆயிரம் ஆண்டுகளில் ஒரு முறை நடப்பதை நேரில் அளக்கத் திட்டமிடக் கூடாது. அவ்வளவு மெதுவான மாற்றத்துக்கு மணல் துகள் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளித்தூண்டல் முறை போன்ற வேறு வழிகள் உள்ளன, அவற்றை அறிந்தவரோடு சேர்ந்து செய்யலாம். மாற்றம் எதுவும் தென்படவில்லை என்ற முடிவும், பிழை எல்லை சரியாகச் சொல்லப்பட்டிருந்தால், வெளியிடத் தகுந்ததே.

இன்றே தொடங்க வேண்டுமென்றால் முதலில் எதைச் செய்யலாம்?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அவ்வப்போது போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சென்டினல்-2 தொகுப்பிலிருந்து ஐந்து ஆண்டு இடைவெளியில், ஒரே மாதத்தில் எடுக்கப்பட்ட மேகமற்ற இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு முறையின் எண்ணைப் பார்த்து, கூட்டப்பட்ட 1000-ஐக் கழிக்க வேண்டிய படத்தில் கழியுங்கள். பிறகு, மாறியிருக்க வழியில்லாத சில இடங்களில், பெரிய கட்டடத்தின் கூரையிலோ வெற்றுப் பாறையிலோ, இரண்டு படங்களின் மதிப்புகளையும் ஒப்பிட்டு அந்த வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். அதன் பிறகே நீங்கள் ஆராய விரும்பும் கரையையோ காட்டையோ பாருங்கள். அங்கே தெரியும் வேறுபாடு முன்னர்க் குறித்த எண்ணைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும் இடங்களை மட்டும் வரைபடத்தில் குறித்து, அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் புறப்படலாம்.